எட்டு லிட்டர் பகை

ப்ளேருக்கு ஆஸ்துமா இருக்கிறது என்று நான் நம்பியது ஏப்ரல் மாதத்து ஒரு சனிக்கிழமைக் காலை வரைதான். நியூசிலாந்தின் தெற்கில், நாங்கள் படிக்கும் டனீடன் நகரக் கடைத்தெருவில் அன்று ஏதோ ஊர்வலம். பால் வாங்கப் போனவன் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். ஸ்காட்லாந்து உடையில், பை வைத்த ஊதுகுழலான பேக்பைப் ஊதும் குழு வந்தது. முன்வரிசையில், முழங்கால் தெரியக் கட்டம் போட்ட பாவாடை கட்டிக்கொண்டு, கன்னம் இரண்டும் பந்துபோல் உப்ப, என் வீட்டுத் தோழன் ப்ளேர் ஊதிக்கொண்டு வந்தான். தலையணை அளவுப் பையைத் தன் நுரையீரலால் நிரப்பியபடியே ஒரு மேட்டுத் தெருவை ஏறி முடித்தான். மூச்சு வாங்கவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணடிக்கக்கூட அவனிடம் காற்று மிச்சம் இருந்தது.

பிப்ரவரியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். இயற்பியல் படிக்கும் நான், வணிகவியல் படிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ப்ளேர், பல் மருத்துவம் படிக்கும் மெரெ. வாசலில் ‘ஈரத் துண்டு’ என்று ஒரு பலகை தொங்கியது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் வைத்த பெயர். எங்கள் தெருவில் எல்லா மாணவர் வீடுகளுக்கும் பெயர் உண்டு, ‘அரண்மனை’ என்றும் ‘சொர்க்க வாசல்’ என்றும். உண்மையான பெயர் கொண்ட வீடு எங்களுடையது மட்டும்தான்.

மாடி அறையை மெரெ எடுத்துக்கொண்டாள். கீழே இரண்டு அறைகள், முதுகோடு முதுகு ஒட்டி, இடையில் ஒரே ஒரு பலகைச் சுவர். பூமியின் தென்பாதியில் வெயில் வடக்குப் பக்கம் என்பதால் வடக்கு அறையில் வெயில் வரும். தெற்கு அறையின் ஜன்னலுக்கு எதிரே மலைச்சரிவு நிற்கும். அங்கே வெயில் வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதன் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் ஏறியிருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னபோது வினிகர் போட்டுத் துடைக்கச் சொன்னார். துடைத்தால் பூஞ்சணம் போகாது. அறை ஊறுகாய் ஜாடிபோல் மணக்கும், அவ்வளவுதான்.

சீட்டுப் போட்டோம். வடக்கு அறை எனக்கு விழுந்தது. நான் பெட்டியை உள்ளே வைத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, ப்ளேர் வாசலில் வந்து நின்று நெஞ்சில் கை வைத்தான்.

"டூகி, எனக்குச் சின்ன வயசுலேர்ந்து மூச்சுத்திணறல்டா. ஈரம் ஆகாது. பரவாயில்ல, நீ இரு. நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

அந்தப் ‘பரவாயில்ல’தான் என்னைக் கவிழ்த்தது. நான் கோர் என்ற சின்ன ஊர்க்காரன். எங்கள் ஊரில் ஒருவன் பரவாயில்லை என்று சொன்னால் எதிரில் இருப்பவன் எழுந்து இடம் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டேன்.

ஊர்வலத்தன்று மாலை அவனிடம் கேட்டேன். அவன் சங்கடப்படவே இல்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, அது வரும் போகும் ப்ரோ, இந்த வருஷம் போயிருக்கிறது என்றான். அப்படியானால் அறையை மாற்றிக்கொள்ளலாமே என்றேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அசிங்கம் என்று மெரெ நடுவில் புகுந்து தீர்ப்புச் சொன்னாள். மெரெ சொன்னால் அந்த வீட்டில் அது சட்டம்.

அன்றிலிருந்து எனக்கு அந்த அறை வேண்டும் என்பது ஆசையாக இல்லை. ஆசையாக இருந்திருந்தால் ஆறிப்போயிருக்கும். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: ப்ளேர் குளிரில் நடுங்க வேண்டும். நான் நடுங்குவதைவிட ஒரு சுற்று கூடுதலாக நடுங்கினால் நல்லது. அதற்கு வழியில்லையென்றால் சமமாக நடுங்கினாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

முதல் அடியை மே மாதம் கொடுத்தேன். ப்ளேரிடம் ஓமரு ஊரிலிருந்து அவன் அம்மா கொடுத்தனுப்பிய, எண்ணெய் அடைத்த மின்சார ஹீட்டர் ஒன்று இருந்தது. மின்சாரக் கட்டணம் எங்கள் மூவருக்கும் பொது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது, எவரும் அறையில் ஹீட்டர் வைக்கக் கூடாது, குளிர்ந்தால் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். பூமியின் எதிர்காலம் பற்றி உருக்கமாகப் பேசினேன். மெரெவுக்குக் கண் கலங்கிவிட்டது. அல்லது வெங்காயமாக இருக்கலாம். இரண்டுக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது. ப்ளேர் முணுமுணுக்காமல் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் இருந்த கொட்டகையில் வைத்தான்.

அதன் பிறகுதான் கணக்கு உறைத்தது. அவனுக்கு ஹீட்டர் போனாலும் வெயில் இருந்தது. எனக்கு வெயிலும் இல்லை, இனிமேல் ஹீட்டர் வாங்கவும் முடியாது. இங்கே குளிர்காலம் தொடங்கும் ஜூன் முதல் வாரத்தில் நான் கையுறை போட்டுக்கொண்டு தட்டச்சு செய்தேன். காலையில் எழுந்தால் என் மூச்சு எனக்கு முன்னால் எழுந்து நின்றது. சுவரின் அந்தப் பக்கம் ப்ளேர் வெயிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு விசில் அடித்தான்.

அப்போதுதான் அவன் தானாகவே என் கைக்குள் வந்து விழுந்தான்.

எதிர்வீட்டுப் பையன் ஒருவன் வைத்திருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். சதுரக் கட்டி. ஒரு கையால் தூக்கிக்கொண்டு போகலாம். ஆகஸ்டில் மாணவர் விடுதியின் உணவுக்கூடத்தில் தெருவாரியாக அணிகள் மோதும் விளையாட்டுப் போட்டி உண்டு. அவரவர் கம்ப்யூட்டரை அவரவரே தூக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கள் தெரு அணிக்கு மெரெதான் தலைவி. ப்ளேரும் அணியில் இருந்தான். அவனிடம் இருந்ததோ குளிர்சாதனப் பெட்டி அளவு டப்பா. அதே மாதிரி ஒரு கட்டி தனக்கும் செய்துதர வேண்டும் என்று கெஞ்சினான். பாகங்களுக்கு ஆகும் செலவு அவனுடையது, கைவேலை என்னுடையது. நீதான் இதில் புலி என்றான்.

உடனே ஒப்புக்கொண்டேன். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில் அவனுக்கே கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கலாம். முகத்தை இரங்கலுக்குப் போனவன்போல் வைத்துக்கொண்டேன். அது என் முகத்துக்குப் பழக்கமான வேலை.

சின்னக் கம்ப்யூட்டர் செய்பவர்களின் உலகம் தனி. நாங்கள் அளப்பது லிட்டரில். ஒருவனைச் சந்தித்தால் உன்னுடையது எத்தனை வேகம் என்று கேட்க மாட்டோம், எத்தனை லிட்டர் என்று கேட்போம். பத்துக்குள் இருந்தால் மரியாதை. பக்கத்துக்கு இருபது சென்டிமீட்டர் உள்ள கட்டி ஒன்றை வரைந்தேன். சரியாக எட்டு லிட்டர், இரண்டு பால் கேன் கொள்ளும். அதற்குள் ஒரு கம்ப்யூட்டர் முழுதாகக் குடியிருக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் மாணவர்களைக் குடிவைப்பதும் இதே முறையில்தான்.

சின்னப் பெட்டிக்கு ஒரே எதிரி சூடு. நல்லவன் ஒருவன் செய்தால் சூடு வெளியேற வழி தேடுவான். நான் அது வெளியேறாமல் இருக்க வழி தேடினேன்.

விளையாட்டின் படங்களைத் திரையில் வரையும் கிராபிக்ஸ் கார்டிலிருந்து தொடங்கினேன். பெட்டிக்குள் நுழையும் அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும். ஆனால் சுபாவம் கெட்டதாக இருக்க வேண்டும். ஆக்லாந்தில் ஒருவன் பழைய கார்டு ஒன்றை விற்றுக்கொண்டிருந்தான். அது கொதிப்பதைப் பற்றி இணையத்தில் தனியாக ஒரு புலம்பல் குழுவே இருந்தது. வாங்க வைத்தேன். பிறகு அலுமினியத் தகட்டை இயற்பியல் துறையின் பட்டறையில் நானே வளைத்தேன். மூடியில் துளைகளை நட்சத்திரக் கூட்டம்போல் அழகாகப் போட்டேன், அழகாக, குறைவாக. பின்பக்கம் ஒரு துளைகூட இல்லை. கார்டு மூச்சு விடும் திசையில் பிராசசரின் விசிறியை வைத்தேன். ஒன்று கக்கிய சூடான காற்றை இன்னொன்று முகர்ந்து குடிக்கும்படி. அதோடு விடாமல் மின்னழுத்தத்தையும் தேவைக்கு மேல் ஏற்றி வைத்தேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் எதையும் செய்ததில்லை. கட்டிக்குள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில்தான் வைக்க முடியும். முதலில் பவர் சப்ளை. அதன் கேபிள்களைப் பாய்போல் மடித்து அடியில் திணிக்க வேண்டும். பிறகு பதினேழு சென்டிமீட்டர் மதர்போர்டைச் சாய்த்து, ஒரு மூலையை முதலில் நுழைத்து, மறுமூலையை மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்க வேண்டும். கார்டு கடைசி. கார்டு நுழைந்துவிட்டால் உள்ளே ஒரு விரல்கூடப் போகாது. மூன்று முறை மூடிய பிறகு ஏதோ ஒரு கேபிள் சொருகாமல் விட்டது தெரிந்து, எல்லாவற்றையும் பிரித்து மறுபடி முதலிலிருந்து வந்தேன். விரல் முட்டிகளில் தோல் உரிந்தது. நல்ல எண்ணத்தோடு செய்பவன் இரண்டாம் முறையே சலித்துப்போயிருப்பான்.

துறை ஆய்வகத்தில் வைத்துச் சோதித்தேன். கம்ப்யூட்டர் சாகாது; எல்லை மீறிச் சூடானால் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். ப்ளேரின் விளையாட்டை ஓட விட்டேன். கால் மணி நேரத்தில், எதிரியின் கோட்டைக் கதவு திறக்கும் நேரம் பார்த்து, பொத்தென்று அணைந்தது. ஆறவிட்டு மறுபடி ஓட்டினேன். மறுபடி கால் மணி. கடிகாரம்போல் வேலை செய்தது. பக்கத்து மேசையில் இருந்த ஆராய்ச்சி மாணவி என்ன சிரிப்பு என்று கேட்டாள். பரிசோதனை வெற்றி என்றேன்.

கறுப்பு வண்ணம் பூசி, துணியால் துடைத்து, ஜூலை தொடக்கத்தில் ப்ளேரின் மேசைமேல் கொண்டுபோய் வைத்தேன். அவன் கட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நான் என் அறைக்குப் போய், பலகைச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கால் மணி நேரம் காத்திருந்தேன்.

அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. கோட்டைக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டிருந்தன.

இயற்பியல் படிப்பவன் செய்யக் கூடாத தப்பைச் செய்திருந்தேன். ஆய்வகத்தில் ஹீட்டர் உண்டு. அங்கே எப்போதும் இருபத்திரண்டு டிகிரி. ப்ளேரின் அறையில், வெயில் இறங்கிய பிறகு, எட்டோ ஒன்பதோ. பனிக்காற்றை முகர்ந்த பெட்டி சூடான இடத்தில் எட்டிய உச்சத்தை இங்கே எட்டவே இல்லை. எல்லைக்குப் பத்துப் பன்னிரண்டு டிகிரி கீழேயே நின்று, ஆனந்தமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. கொதித்த காற்று முழுதும் மூடியில் நான் போட்ட நட்சத்திரங்கள் வழியாக மேலே வந்தது.

மறுநாள் ப்ளேர் காபிக் கோப்பையை அதன்மேல் வைத்திருந்தான். அதற்கு மறுநாள் சாக்ஸ் காய்ந்தது. வார இறுதிக்குள் மெரெ சீஸ் ரோல்களை ஈயத்தாளில் சுற்றி மூடிமேல் அடுக்கிச் சூடாக்கக் கற்றுக்கொண்டாள். விளையாடாதபோது என்ன செய்வது என்ற பிரச்சினையையும் ப்ளேரே தீர்த்துவிட்டான். விளையாட்டின் முகப்புப் படத்தை அப்படியே விட்டுவிட்டால் போதும், கார்டு முழு மூச்சில் உழைத்துக்கொண்டிருக்கும் என்று தற்செயலாகக் கண்டுபிடித்தான். முகப்புப் படத்தில் பனி மூடிய மலை, பனியில் நடக்கும் ஒரு ஓநாய். தெருவில் பாதிப் பேர் மாலையில் வந்து அந்தப் பனிமலைக்கு எதிரே வட்டமாக உட்கார்ந்து குளிர் காய்ந்தார்கள். ஜன்னல் இடுக்கில் காற்று நுழைந்ததால் அறை பதினைந்தைத் தாண்டவில்லை. எங்கள் தெருவில் பதினைந்து என்றால் கடற்கரை உல்லாசம். ஒருவன் அரைக்கால் சட்டையில் வந்தான்.

அந்த மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை விவகாரத்தைக் கிளப்பினேன். அது ஹீட்டர் என்றேன்.

"கம்ப்யூட்டர்டா அது," என்றாள் மெரெ.

"அதுமேல சாக்ஸ் காயுது."

"என் தலைமேலகூடத்தான் துண்டு காயுது. என்னையும் கொட்டகைல வெப்பியா?"

ப்ளேர் சீஸ் ரோலை மென்றுகொண்டே என்னைப் பரிவாகப் பார்த்தான். பிறகு, உனக்கு எப்ப வேணும்னாலும் என் ரூமுக்கு வந்து குளிர் காஞ்சுக்கலாம் டூகி, கதவு தட்டவே வேணாம் என்றான். வாக்கெடுப்பில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றேன்.

இரண்டு நாள் வீம்பாக இருந்தேன். மூன்றாம் நாள் பேனா பிடிக்க முடியாமல் போய் உட்கார்ந்தேன். நானே வளைத்த தகட்டின்மேல், நானே போட்ட துளைகளில், என் கைகளை நீட்டினேன். சுகமாக இருந்தது. அந்தச் சுகத்துக்காக அவனை நான் இன்னும் கொஞ்சம் வெறுத்தேன். அவன் என் தோளில் ஒரு போர்வையைப் போர்த்தினான். அதற்காகவும்.

போட்டிக்கு முந்தின வாரம் மெரெ என் அறைக்கு வந்தாள். மாடிக்காரி என் அறைக்கு வருவது அபூர்வம். வினிகர் வாசனைக்கு மூக்கைச் சுருக்கினாள். விடுதி உணவுக்கூடத்தில் எந்நேரமும் ஹீட்டர் ஓடும், போன வருஷம் வியர்த்துக் கொட்டியது, ப்ளேருடைய கட்டி அங்கே தாங்குமா என்று கேட்டாள். பல் மருத்துவர்களுக்கு ஒரு பார்வை உண்டு, எங்கே வலிக்கிறது என்று தெரிந்துகொண்டே கேட்பார்கள். அந்தப் பார்வை.

"ஏன் தாங்காது?" என்றேன்.

"தெரியல. நீ அவனுக்கு அவ்ளோ ஆசையா பண்ணிக் குடுத்தத நெனச்சா எனக்குப் பயமாவே இருக்கு."

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அதாவது நான் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. இருபத்திரண்டு டிகிரி அவனைத் தேடிப் போகவில்லை. அவனே தூக்கிக்கொண்டு அதைத் தேடிப் போகிறான். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கால் மணியில் திரை கறுக்கும். நான் நாள் முழுக்க அந்தக் காட்சியைச் சப்புக்கொட்டிக்கொண்டு திரிந்தேன். விரிவுரையில் உட்கார்ந்திருந்தபோது அதற்கு அடுத்த காட்சியும் வந்தது. வந்திருக்கக் கூடாது, ஆனால் வந்தது.

திரை கறுத்ததும் ப்ளேர் என்ன செய்வான்? நெஞ்சில் கை வைப்பான். பரவாயில்லை, நீங்கள் விளையாடுங்கள், நான் ஓரமாக நிற்கிறேன் என்பான். அணி முழுக்க அவனைச் சூழ்ந்துகொள்ளும். யாராவது தங்கள் கம்ப்யூட்டரைக் கொடுப்பார்கள், யாராவது பியர் வாங்கித் தருவார்கள், யாராவது தங்கள் அறையையே கொடுத்துவிடுவார்கள். பரிதாபத்தை வைத்துப் பிழைக்கிறவனுக்கு நான் ஒரு பெரிய மூட்டைப் பரிதாபத்தைத் தங்கக் கிண்ணத்தில் வைத்து நீட்டப் பார்த்தேன். போட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால் பழையபடி ஓநாயும் சாக்ஸும் சீஸ் ரோலும். அவனுக்கு ஒரு நாள் நஷ்டம், எனக்கு அந்தக் குளிர்காலம் பூராவும்.

அன்று மாலையே போய்க் கட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். போட்டிக்கு முன்னால் ஒரு சர்வீஸ் பண்ணிவிடுகிறேன் என்றேன். ப்ளேர் நெகிழ்ந்துபோனான்.

இரண்டு நாள் பட்டறையிலேயே கிடந்தேன். விசிறியைத் திருப்பினேன். பின்பக்கத் தகட்டைத் துளைத்துச் சல்லடையாக்கினேன். கார்டின் காற்று நேராக வெளியே போக ஒரு தடுப்பு வளைத்து வைத்தேன். இதெல்லாம் சில்லறை வேலை. முக்கியமான வேலை வேறு: மின்னழுத்தத்தைக் குறைப்பது. சின்னப் பெட்டிக்காரர்கள் எல்லோரும் செய்யும் வேலைதான் அது. கார்டுகளைத் தொழிற்சாலையிலேயே தேவைக்கு மேல் தீனி போட்டு அனுப்புவார்கள். ஒரு படி குறைத்து, ஓடவிட்டு, தடுக்கி விழுகிறதா என்று பார்த்து, இன்னொரு படி குறைத்து, பொறுமையாக இறங்கிக்கொண்டே வந்தால் ஒரு இடம் வரும். அங்கே பாதி மின்சாரத்தில் அதே வேலையை அதே வேகத்தில் செய்யும். பாதி மின்சாரம் என்றால் பாதிச் சூடு. முகப்புப் படத்தையும் விடவில்லை. அங்கே கார்டு வீணாக உழைக்காமல் இருக்க வேகத்துக்கு ஒரு கடிவாளம் போட்டேன். ஓநாய் இனி மூச்சிரைக்காமல் நடக்கும்.

ஆய்வகத்தில், அதே இருபத்திரண்டில், நாலு மணி நேரம் ஓட்டினேன். அணையவில்லை. மூடியில் கை வைத்துப் பார்த்தேன். தூங்கும் பூனையின் முதுகு அளவுக்குக்கூடச் சூடு இல்லை. அந்த ஆராய்ச்சி மாணவி எட்டிப் பார்த்து, இவ்வளவு சின்னதில் இவ்வளவு அமைதியா, யாருக்காகச் செய்தாய் என்று கேட்டாள். ஒரு நண்பனுக்கு என்றேன்.

போட்டியில் எங்கள் தெரு இரண்டாவதாக வந்தது. ப்ளேர் பிரமாதமாக விளையாடினான். கூடத்தில் எல்லோரும் வியர்த்து வழிய, அவன் பெட்டி மட்டும் இருக்கும் இடம் தெரியாமல் இருந்தது. மற்றத் தெருக்காரர்கள் வந்து தடவிப் பார்த்தார்கள். எத்தனை லிட்டர் என்று கேட்டார்கள். ப்ளேர் என் தோளில் கை போட்டு, இவன்தான் செய்தான் என்று அறிமுகப்படுத்தினான். மெரெ என்னைத் தனியாகப் பிடித்து, உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்றாள். பெருந்தன்மையாக மன்னித்தேன்.

அன்று மாலை ப்ளேர் கட்டியை மேசையில் வைத்து, ஓநாயை நடக்கவிட்டு, ஈரச் சாக்ஸை மூடிமேல் விரித்தான். காலையில் சாக்ஸ் அப்படியே ஈரமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஈரமாகியிருந்தது என்றுகூடச் சொன்னான். அடுத்த மாலை வழக்கம்போல் தெருக்காரர்கள் வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கைகளை நீட்டினார்கள். நீட்டிய கைகளை ஒருவருக்கொருவர் தெரியாமல் பைக்குள் விட்டுக்கொண்டார்கள். அதற்கடுத்த நாள் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. மெரெ சீஸ் ரோலை மறுபடி அடுப்பில் வைத்தாள். அந்த வாரம் தெற்கிலிருந்து பனிக்காற்று வேறு கிளம்பியது. பகலெல்லாம் மேகம். வடக்கு அறைக்கும் வெயில் இல்லை.

வியாழக்கிழமை, சாப்பாட்டுக்கு முன்னால், என் கதவு தட்டப்பட்டது. ப்ளேர் கட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். தலையில் கம்பளிக் குல்லாய், கழுத்தில் மெரெவின் துண்டு.

"டூகி, மிஷின்ல ஏதோ கோளாறுடா."

"என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. அதான் கோளாறு."

உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். கட்டியை வாங்கிச் சொருகி, எல்லா அளவுகளையும் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வேகம் குறையவில்லை. சத்தம் இல்லை. வெப்பநிலை பாடப் புத்தகத்தில் போடலாம் போல இருந்தது. எல்லாம் பிரமாதம் என்றேன். அவன் தரையைப் பார்த்தான்.

"சூடாகவே மாட்டேங்குதுடா."

"நல்ல கம்ப்யூட்டர் சூடாகாது ப்ரோ."

என்ன சொல்ல வந்தானோ அதைச் சொல்ல முடியாது என்று அவனுக்கே தெரிந்தது. என் கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்கிறது என்று ஒருவன் யாரிடம் போய்ப் புகார் செய்வான்? ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் சொன்னால் அது ஹீட்டராகத்தான் இருந்தது என்று அவனே ஒப்புக்கொண்டதாகும். கடைக்கு எடுத்துக்கொண்டு போய், இதைக் கெடுத்துக்கொடுங்கள் என்று கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள். நான் பொறுமையாகக் காத்திருந்தேன். அவனுடைய கை மெதுவாக நெஞ்சுப் பக்கம் போவதையும் பார்த்தேன். பாதியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, துண்டைச் சரிசெய்வதுபோல் கழுத்துக்குக் கொண்டுபோனான்.

"சரி. நேராவே கேக்கறேன்," என்றான். "நீதானே கொறச்சே? பழையபடி ஏத்திக் குடு. பதிலுக்கு வடக்கு ரூம நீ எடுத்துக்கோ. நான் இதத் தூக்கிட்டு இங்க வந்துடறேன். இன்னிக்கே."

அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மூக்கு சிவந்திருந்தது. என் படுக்கைக்கு மேலே பூஞ்சணம் கூரைவரை ஏறியிருந்ததை அவன் பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

வடக்கு அறை. அந்த அகல ஜன்னல். அக்டோபர் வந்துவிட்டால் காலையிலிருந்து மாலைவரை வெயில். எனக்கு விழுந்த சீட்டு. என் பெட்டி கொஞ்ச நேரமாவது இருந்த இடம். ஆறு மாதமாக எனக்குச் சேர வேண்டியதை அவன் தன் வாயாலேயே, யாரும் கேட்காமல், என் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் தலையசைத்தால் போதும்.

தலையசைத்தால் அவனுக்குச் சூடு கிடைக்கும். இந்தப் பூஞ்சண அறையில் ஓநாயை நடக்கவிட்டுக்கொண்டு, சாக்ஸ் காயப் போட்டுக்கொண்டு, தெருக்காரர்கள் புடைசூழ அவன் விசில் அடிப்பான். பலகைச் சுவரின் அந்தப் பக்கம் நான் வெயிலுக்காகக் காத்துக்கொண்டு அதைக் கேட்க வேண்டும்.

"வேணாம் ப்ரோ," என்றேன். "எனக்கு இங்க பழகிப்போச்சு."

அவன் என்னையே பார்த்தான். முதல் தடவையாக அவனுக்கு நான் யார் என்று புரிந்ததுபோல் இருந்தது. கட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். வாசல்வரை போய்த் திரும்பி, தேங்க்ஸ்டா, ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கே என்றான். சொல்லாமல் போகவும் வழியில்லை அவனுக்கு.

கதவைச் சாத்தினேன். இருந்த இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் மூன்றாவதை மாட்டிக்கொண்டேன். பலகைச் சுவரின் அந்தப் பக்கம் அவன் கைகளைத் தேய்த்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. விடாமல், வேகமாக, நெருப்புக் குச்சி உரசுவதுபோல். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து நன்றாகக் கேட்டேன். பிறகு எனக்கும் தாங்கவில்லை, நானும் தேய்த்துக்கொண்டேன்.